முந்நூற்றி நாலும் நானூற்றி ஒன்பதும்

இரக்கக்கண்டிப் பாலத்தில் வைத்துத்தான்
என் டொல்பின் வான் கத்தத் தொடங்கியது.
எதிரே வந்த பஸ்ஸில் தூங்கியவர்களும்
யன்னலால் தலையை நீட்டினார்கள்.
பின்னால் பதினெட்டுப் பெட்டி சூரை, பாரை,
செத்த பிறகும் அதிர்ந்துகொண்டிருந்தன.

கந்தளாய்க்காரருக்கு மீனைக் கொடுத்துவிட்டு
அன்புவழிபுரம் வந்தேன், நிஹ்மத்தின் கராஜுக்கு.
குழிக்கு மேலே வானை விட்டு
அட்டையொன்றை எறிந்து அடியில் போனான்.
ஸ்குறூ டிறைவரால் ஒரு தட்டு.
கறள் உதிர்ந்து அவன் தாடியில் விழுந்தது.
இன்னொரு தட்டு.
ஸ்குறூ டிறைவர் சைலன்சருக்குள்ளேயே போய்விட்டது.

"போன வருஷம்தானே போட்டது?"
"பதினொரு மாசம்," என்றான் கீழிருந்து.
"கறுப்பு இரும்பு. நீங்கதான் மலிவு கேட்டீங்க."

கேட்டேன்தான்.

"அப்ப தண்ணிக்குழாய்? கல்வனைஸ்?"
"அத ஒட்டினா வாற புகைக்கு
ராவு முழுக்க நடுங்கிக் கிடக்கணும்.
எனக்குக் காய்ச்சல், உங்களுக்குச் சைலன்சரா?"
அலுமினியம் பூசியது ஒன்றை உருட்டிக் காட்டினான்,
புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது.
"கல்லு படாத வரைக்கும்," என்றான்.
ஆறாம் கட்டைக்கு அப்பால் என் பாதையில்
கல் படாத கால்மைல் இல்லை.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை எடுத்து
ஒரு பைப்பில் வைத்தான். பாய்ந்து பிடித்தது.
"நானூற்றி ஒன்பது. நிறம் போகும், ஓட்டை லேசில விழாது."
மற்றதில் வைத்தான்.
வழுக்கி அவன் காலில் விழுந்தது.
"முந்நூற்றி நாலு. உங்கட சோத்துக்கோப்பை எவர்சில்வர்தான்.
காந்தத்த மதிக்காது, உப்பையும் மதிக்காது."
விலை சொன்னான்.
மூன்று கிழமை மீன்.

ஒஸ்லோவிலிருந்து மச்சாள் சொல்லியிருந்தாள்:
அங்கே பனி உருக றோட்டில்
உப்பைக் கொட்டுகிறார்களாம், காசு கொடுத்து வாங்கி.
நிலாவெளி உப்பளத்தில் வாருகிற பெண்களிடம் இதைச் சொன்னேன்.
ஒருத்தி மண்வெட்டியை நிறுத்திக் கேட்டாள்,
"அப்ப கறிக்கு?"

"அக்கா, ஒருக்காக் கீழ வாங்க."
கவுணை ஒதுக்கிக்கொண்டு அட்டையில் படுத்தேன்.
முதலில் சேசிஸைக் காட்டினான், குழி குழியாய்.
"இது இங்கத்தக் கறள் இல்ல. யப்பானில
பனி கொட்டுற பக்கம் ஓடி வந்த வான்."
பிறகு டோர்ச்சை நேரே மேலே பிடித்தான்.
தளத்தில் ஒரு ஓட்டை, பெரிய விரல் அளவு.

அந்த ஓட்டையை எனக்குத் தெரியும்.
ஐஸ் தண்ணி வடியட்டும் என்று
நானே இரவல் டிறில்லால் போட்டது.
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே
ஒரு துளி தொங்கியது, நீண்டது,
சைலன்சர் மூட்டில் விழுந்து சீறியது.
அது போன இடத்தில் வெள்ளையாய் ஒரு வளையம்.
அதைச் சுற்றி வளையங்கள். பதினொரு மாத வளையங்கள்.

கடலைத் திட்டிக்கொண்டே வந்திருந்தேன்,
குச்சவெளியிலிருந்து வழி முழுக்க.

நிஹ்மத் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பெட்டிக்கு நானூற்றி ஒன்பது போதும் என்றேன்.
ஆணியும் கிளாம்பும் மட்டும் எவர்சில்வர்,
இல்லாவிட்டால் நல்ல பைப்புக்குப் பக்கத்தில்
கறுப்பு ஆணிதான் முதலில் சாகுமாம்.
ஓட்டைக்கு ஒரு றபர் குழாய்,
பின் பம்பருக்கு வெளியே விட்டு.
முந்நூறு ரூபாய்.

இன்றைக்கு விடிய நாலரைக்கு
சத்தமில்லாமல் பாலம் தாண்டினேன்.
கண்ணாடியில் பார்த்தால், எனக்குப் பின்னால்
தார் மேலே ஈரமாய் ஒரு கோடு,
வளைவில் வளைந்து, மேட்டில் ஏறி.
அதன் மேலேயே ஓடி வருகிறது
யாரோ ஒருவரின் புது மோட்டார் சைக்கிள்,
குரோமியம் பளபளக்க.

மச்சாளுக்குச் சொல்ல வேண்டும்:
இங்கேயும் றோட்டுக்கு உப்புப் போடுகிறோம்.
சம்பளம்தான் இல்லை.